தயவுசெய்து யாரையும் ரீசெட் பண்ணச் சொல்லாதீர்கள்

போட்டோ மேலே ஏறவில்லையா? "ரீசெட் பண்ணிப் பாருங்க." காலண்டர் போனில் ஒன்றும் கம்ப்யூட்டரில் ஒன்றுமாகக் காட்டுகிறதா? "அக்கவுண்டை ரிமூவ் பண்ணிட்டு மறுபடி போடுங்க." கூகுள் டிரைவ் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க." லேப்டாப் என்றால் கேட்கவே வேண்டாம், "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்." குடும்ப வாட்ஸ்அப் குரூப் முதல் கஸ்டமர் கேர் வரை எல்லோர் வாயிலும் பதில் தயாராக இருக்கிறது. என்ன கோளாறு என்பதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரீஸ்டார்ட்டைச் சொல்லவில்லை. அணைத்துப் போட்டால் ஒன்றும் கெடாது, பாதிக் கோளாறு அதிலேயே ஓடிவிடும், தாராளமாகச் செய்யுங்கள். நான் சண்டைக்கு வருவது அழித்துவிட்டு ஆரம்பிக்கிற வேலையோடுதான். மற்ற கோளாறுகளுக்கு அது பொருந்தலாம். சிங்க் ஆகவில்லை, அதாவது ஒரு கருவியில் இருப்பது மற்ற இடங்களோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் வந்து நிற்கும்போது அதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. சிங்க் ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? நேற்று எடுத்த போட்டோ, காலையில் திருத்திய கணக்கு, போன வாரம் சேர்த்த நம்பர், இவை எதுவும் மேலே, அதாவது இணையத்தில் இருக்கும் உங்கள் அக்கவுண்டுக்குப் போகவில்லை. அந்த ஒரு போனில் அல்லது அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. இருப்பதே ஒரு பிரதி. அதை அழிப்பதைத்தான் முதல் படியாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

மென்பொருளை எழுதியவர்களே இதில் எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் செயலியில், 84 என்று தொடங்கும் பதிப்பில், ஒரு கோளாறு வந்தது. சிலருக்குப் பல மாத ஃபைல்கள் காணாமல் போய், டிரைவ் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது போலக் காட்டியது. கூகுள் உடனே சொன்னது என்ன தெரியுமா? ‘டிஸ்கனெக்ட் அக்கவுண்ட்’ பக்கம் போகாதீர்கள், டிரைவ் செயலி தன் தகவல்களை வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள், டிஸ்கில் இடமிருந்தால் அதை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் 85ஆம் பதிப்பில் மீட்கும் வசதி வந்தபோது, அது துழாவியது கம்ப்யூட்டரில் மிச்சமிருந்த அந்தத் தகவல்களைத்தான். அதற்குள் "கழற்றி மாட்டிப் பாருங்க" என்ற பேச்சைக் கேட்டவர்களுக்கு அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

2018 அக்டோபரில் வின்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே துடைத்தபோதும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டு, ஃபைல் காணாமல் போனவர்களிடம், அந்தக் கம்ப்யூட்டரை முடிந்தவரை பயன்படுத்தாமல் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள் என்றது. செய்தவனே கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். நாம்தான் துணிச்சல்காரர்கள்.

எங்கள் பெரியம்மா போனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். "யார் கூப்பிட்டாலும் வெறும் நம்பராத்தான் வருது கண்ணு, பேரே வர மாட்டேங்குது" என்று தெருமுனைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கடைத் தம்பி செட்டிங்ஸுக்குள் போய், ஆப் பட்டியலில் ‘கான்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ்’ என்பதைத் திறந்து, ‘கிளியர் டேட்டா’வை அழுத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பெயர்கள் வந்துவிட்டன, பெரியம்மாவும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் பெயர்கள்தான் இருக்கின்றன. பால்காரர் இல்லை, சீட்டு பிடிக்கிற அக்கா இல்லை, மூட்டுவலிக்குப் பார்க்கிற டாக்டர் இல்லை.

காரணம் இதுதான். ஆண்ட்ராய்டில் ஒரு நம்பரைச் சேமிக்கும்போது அது மூன்று இடங்களில் ஒன்றுக்குப் போகும்: சிம், போன், கூகுள் அக்கவுண்ட். போன் வாங்கிய புதிதில் ‘எங்கே சேமிக்கட்டும்’ என்று ஒருமுறை கேட்டிருக்கும். அவசரத்தில் எதையோ தொட்டிருப்போம், அதற்கப்புறம் எல்லாம் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். ‘போன்’ என்று தொட்டிருந்தால் அந்தப் பெயர்கள் ஒருநாளும் கூகுளுக்குப் போனதே இல்லை. கிளியர் டேட்டா அடித்தால் கூகுளில் இருந்தவை திரும்பி இறங்கும், போனில் மட்டும் இருந்தவை போனவைதான். கூகுள் கான்டாக்ட்ஸில் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே போகாத பெயரை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அந்தத் தம்பி முதலில் செய்திருக்க வேண்டியது இரண்டே நிமிட வேலை. கடைக் கம்ப்யூட்டரில் பெரியம்மாவின் கூகுள் அக்கவுண்டில் நுழைந்து, கான்டாக்ட்ஸ் டாட் கூகுள் டாட் காமைத் திறந்து, பால்காரர் அங்கே இருக்கிறாரா என்று பார்ப்பது. இல்லையென்றால் கான்டாக்ட்ஸ் ஆப்பில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரு விசிஎஃப் ஃபைலாக (பெயரும் நம்பரும் அடங்கிய ஃபைல்) எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம்.

சிங்க் பிரச்சினைக்கெல்லாம் நான் சொல்லும் முதல் படி இதுதான்: கோளாறு காட்டுகிற கருவியை விட்டுவிட்டு, வேறொரு இடத்தில், முடிந்தால் பிரவுசரில், அதே அக்கவுண்டைத் திறந்து பாருங்கள். அங்கே தெரிவதுதான் மேலே இருப்பது. அங்கே தெரியாதது உங்கள் கையிலிருக்கும் கருவியில் மட்டும் இருப்பது. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டுவிட்டால் பயமும் போய்விடும், முக்கால்வாசி விடையும் வந்துவிடும். பல சமயம் பிரவுசரைத் திறந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும்: போனில் இருப்பது மகனின் மெயில் ஐடி, கம்ப்யூட்டரில் இருப்பது அப்பாவின் மெயில் ஐடி. இரண்டு வருடமாகச் சிங்க் ஆகவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார்கள், பாவம் அந்த ஆப்!

போட்டோ விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. கூகுள் போட்டோஸில் பேக்கப்பை ஆன் செய்தாலும், மொபைல் டேட்டாவுக்குத் தனியாக அனுமதி கொடுக்காவிட்டால் அது வைஃபைக்காகக் காத்திருக்கும். வாட்ஸ்அப் பேக்கப்பும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கிற ஊரில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு இது நியாயமாகத் தோன்றியிருக்கும். இங்கே எத்தனை வீட்டில் வைஃபை இருக்கிறது? ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டு, ராத்திரி பதினொன்றரைக்கு மிச்சமிருக்கிற டேட்டாவை வீணாக்கக் கூடாதே என்று சீரியல் பார்க்கிற வீடுகள்தான் அதிகம். அந்தப் போன்கள் வருடக்கணக்காக ‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டே இருக்கின்றன. வீட்டுக்காரர்களோ "கூகுள்ல எல்லாம் ஏறியிருக்கும்" என்ற நம்பிக்கையில் இருக்கிறார்கள். போன் தண்ணீரில் விழுகிற அன்றைக்குத்தான் ஒரு படம்கூட ஏறவில்லை என்று தெரியவரும். இதில் "என்னத்தை அமுக்கினீங்க?" என்று பெரியவர்களை அதட்டுவது எந்த ஊர் நியாயம்? அவர்கள் எதையும் அமுக்கவில்லை. அமுக்க வேண்டிய ஒன்று உள்ளே ஒளிந்திருப்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இன்றைக்கு வீட்டுப் பெரியவர்களின் போனை வாங்கி, போட்டோஸ் ஆப்பின் பேக்கப் செட்டிங்கில் மொபைல் டேட்டாவைத் திறந்துவிடுங்கள். தினசரி வரம்பு வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஏதாவது ஒரு படத்தைத் திறந்து மேலே இழுத்தால் அது பேக்கப் ஆகிவிட்டதா இல்லையா என்று எழுதியிருக்கும். போனில் இடம் இல்லையென்று படங்களை டெலீட் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ வேறு, ‘டெலீட்’ வேறு. முன்னது மேலே ஏறியவற்றைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும். பின்னது மேலேயும் சேர்த்து அழிக்கும், குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடந்துவிட்டு ஒரேயடியாகப் போய்விடும். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிப்பதுதான் சிங்கின் வேலையே. அதைக் காப்பு என்று நினைத்துக்கொள்வது நம் தலையில் நாமே கட்டிக்கொண்ட கதை.

இடம் தீர்ந்துபோவது அடுத்த கதை, ஆனால் அது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கூகுள் தரும் 15 ஜிபியில் மெயில், டிரைவ், போட்டோ மூன்றும் அடக்கம். 2021 ஜூன் 1 முதல் தரம் குறைத்து ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. 2024 வாக்கில் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்துகொண்டது. குரூப்பில் வந்த குட்மார்னிங் வீடியோக்கள் 15 ஜிபியை நிரப்பிவிட்டால் புது மெயில்கூட வராது. ஆபீஸ் மெயில் வரவில்லை என்று ஒருவர் கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்த்திருக்கிறாரா என்பதைத்தான்.

கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்று, கரண்ட் போய் வந்ததும் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதில்லை’ என்கிறது, டிரைவ் சிங்க் ஆகவில்லை. தெரிந்தவர் ஒருவர் கடைக்குக் கொண்டுபோனார், வைரஸ் என்று சொல்லி வின்டோஸையே புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த பவர்கட்டுக்கு மறுபடியும் அதே கதை. வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்திருந்தால் பத்து வருடத்துக்கு முந்தைய தேதி தெரிந்திருக்கும். மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி செத்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். தான் போலியில்லை என்று காட்ட ஒவ்வொரு வெப்சைட்டும் வைத்திருக்கும் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறது. தன் கணக்குக்கு இன்னும் பிறக்கவே இல்லாத சான்றிதழை அது எப்படி நம்பும்?

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களின் போனில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. தானியங்கி நேரத்தை அணைத்து வைத்திருப்பார்கள், இங்கே இறங்கியதும் டைம் ஸோனை மாற்றாமல் முள்ளை மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். திரையில் நேரம் சரியாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே, உலக நேரக் கணக்கில், போன் இரண்டரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். அக்கவுண்டில் நுழைய பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்கும், ஆத்தென்டிகேட்டர் ஆப்பின் ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை அந்த உலக நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது, அதனால் எதைப் போட்டாலும் ‘தவறான கோடு’ என்றுதான் வரும். ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை உருவாக்க உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் எங்கும் பேக்கப் ஆகாமல் இருந்தால், அக்கவுண்டுக்குள் நுழையும் வழியே அடைபட்டுவிடும். தானியங்கி நேரத்தை ஆன் செய்தால் முடிந்தது.

நம் மொழிக்கென்றே உள்ள ஒரு கோளாறையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாமா பட்டிமன்ற ஆடியோக்களைச் சேர்ப்பவர். தலைப்பு, நடுவர் பெயர், ஊர், திருவிழா எல்லாவற்றையும் தமிழிலேயே ஃபைல் பெயரில் எழுதி வைப்பார். கம்ப்யூட்டரில் ஜம்மென்று இருக்கும், போனுக்கு மாற்றினால் சிலது போகும், சிலது போகாது. போன் பழுது என்று ஆள் ஆளுக்குச் சொல்லியாயிற்று. விஷயம் வேறு. வின்டோஸ் ஃபைல் பெயருக்கு 255 குறிகள் வரை இடம் தருகிறது. ஆண்ட்ராய்டும் லினக்ஸும் 255 பைட் (சேமிப்பு இடத்தை அளக்கும் சின்ன அலகு) தருகின்றன. ஆங்கில எழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் ‘க’வுக்கு 3 பைட், ‘கா’வுக்கும் ‘க்’குக்கும் 6 பைட் ஆகிறது. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகச் சேர்வதால் ஐம்பது அறுபது எழுத்திலேயே இடம் தீர்ந்துவிடும். பெயரைச் சுருக்கியதும் எல்லாம் போய்விட்டன. நடுவர் பெயரை எடுத்ததில் மாமாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து அரை மணி நேரம் நோண்டிப் பார்த்து "தேதி தப்பா இருந்துச்சுங்க" என்று சொன்னால் யார் காசு கொடுக்கிறோம்? "இதுக்கா முந்நூறு ரூபா?" என்போம். ஃபார்மட் அடித்தால் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கஸ்டமர் கேரில் பேசுபவரும் பாவம், ஸ்கிரிப்டில் அடுத்த வரி என்னவோ அதைத்தான் வாசிக்கிறார்.

ரீசெட்டே கூடாதா என்றால், போனை விற்கும்போது கட்டாயம் செய்யுங்கள். பிரவுசரில் பார்த்து, இல்லாததை பென்டிரைவிலோ வேறு கம்ப்யூட்டரிலோ காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் திறந்தும் பார்த்துவிட்டால் மற்ற நேரத்திலும் செய்யலாம். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் ஜாப் ஷீட்டில் ‘டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த இடத்திலேயே ‘கேட்காமல் எதையும் அழிக்க வேண்டாம்’ என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

கமெண்டில் கோளாறைக் கேட்பவர்கள் போன் மாடல், ஆப் பெயர், பிரவுசரில் திறந்தால் தெரிகிறதா இல்லையா, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வெறுமனே ‘ஒர்க் ஆகல’ என்றால் எனக்கும் ஒன்றும் புரியாது. அப்புறம், இன்பாக்ஸில் பாஸ்வேர்டும் ஓடிபியும் அனுப்பாதீர்கள். கேட்காமலே அனுப்புகிறீர்கள்!