ஆறு வீடு கட்டினால் அபராதம் கிடையாதா?

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எங்கள் அடுப்படி சீலிங்கிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அத்தை அப்போதுதான் பாலை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்திருந்தார்கள். தண்டையார்பேட்டையில், நகையை விற்று, பேங்க் லோன் போட்டு வாங்கிய பிளாட். குடிவந்து நாலாவது மழைக்காலம்.

விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கம்பி வெளியே தெரிந்தது. விரலால் தேய்த்தால் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட் என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

பில்டருக்குப் போன் போட்டேன். "கடல் காத்து மேடம். நம்ம ஏரியா ஃபுல்லா இப்படித்தான். பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா தெரியாது" என்றார்.

கடல் என்ன நேற்றா காசிமேட்டுக்கு வந்தது? இதற்கென்றே ஐ.எஸ். 456 என்று இந்தியத் தர விதி இருக்கிறது. கடலோரக் காற்று நேராகப் படும் இடத்தில் கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும், கலவை எம்30 என்ற வலுவான தரமாக இருக்க வேண்டும். உப்புக் காற்று நேராகப் படாத உள்பக்கம் என்றாலும் 30 மில்லிமீட்டர் வேண்டும். அது குறைந்தால் உப்பு கம்பி வரை இறங்கும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த துரு கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். எங்கள் அடுப்படியில் நடந்தது இதுதான். இதைத் தடுக்க கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை வைத்தால் போதும், ஒன்று சில ரூபாய்தான். அப்புறம் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அதே விதி. எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதைத்தான் பைப் போட்டு கலவையில் விட்டார்கள் என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 2016-ல் வந்த ரெரா, அதாவது வீடு, மனை கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் சட்டம், நல்ல சட்டம்தான். வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு. சட்டத்தை மீறினால் திட்ட மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் 8-க்குள் இருந்தாலோ அந்தத் திட்டத்தை ரெராவில் பதிவு செய்யவே வேண்டாம். 500 சதுர மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ரெண்டே கால் கிரவுண்ட். வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் அவ்வளவு மனை எத்தனை பேரிடம் இருக்கிறது? இங்கே அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்ட். நாலு வீடு, ஆறு வீடு. எங்கள் கட்டடமும் ஆறு வீடுதான். பதிவே இல்லாத பில்டரை யார் கண்காணிப்பது? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆறு குடும்பமும் லீவு போட்டு, வக்கீல் பிடித்து, வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். அதற்குள் அவர் இன்னும் நாலு பில்டிங் கட்டி விற்றுவிடுவார்.

அரசே கட்டினாலும் இதே கதைதான். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் கையை வைத்தாலே பூச்சு உதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். ஐ.ஐ.டி.யை விட்டு ஆய்வு செய்தார்கள், இரண்டு பொறியாளர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியே ஓடி வந்ததால் உயிர் தப்பினார்கள். 2014-ல் மவுலிவாக்கத்தில் தனியார் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்தபோது 61 பேருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

5 சதவீதத்தைப் 10 சதவீதமாக்கு என்று நான் கேட்கவில்லை. அபராதப் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும், என் சீலிங்குக்கு வராது. முதலில் அந்த 500 சதுர மீட்டர், 8 வீடு வரம்பைக் குறையுங்கள். இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை ரெராவின் 3-ஆம் பிரிவே மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. விற்பதற்காகக் கட்டினால் மூணு வீடு என்றாலும் பதிவு வேண்டும். பழைய கட்டடத்தில் நிரூபணமான குறையைச் சரிசெய்யாத பில்டருக்கு அடுத்த பிளான் அப்ரூவல் கொடுக்கக் கூடாது. அவருக்கு வலிக்கிற இடம் அதுதான்.

எங்கள் பில்டர் இப்போது ரெண்டு தெரு தள்ளி இன்னொரு ஒரு கிரவுண்டில் கட்டுகிறார். போன வாரம் ரூஃப் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். ஏறிப் பார்த்தேன். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இல்லை, அங்கங்கே ஜல்லியைச் செருகி வைத்திருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டேன். "யக்கா, குடுத்தா வெப்போம். குடுக்கல" என்றார். அங்கேயும் ஆறு வீடு. நாலு புக் ஆகிவிட்டதாம்.

வீட்டு வசதித் துறைக்கு மனு எழுதியிருக்கிறேன். எங்கள் ஆறு குடும்பமும் கையெழுத்துப் போட்டாயிற்று. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் பக்கம் இதே மாதிரி சின்ன பிளாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம். வரும்போது பெயர்ந்த இடத்தைக் கம்பி தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். பட்டி பார்ப்பதற்கு முன்னாடியே எடுத்துவிடுங்கள்.