டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல்: ரைட்டின் கட்டடம் அங்கே இல்லை

'டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலில் அறை எடுத்தால், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த கட்டடத்திலேயே தங்கலாம்' என்று இந்தத் திரியில் சிலர் எழுதியிருக்கிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்: அந்தக் கட்டடம் இப்போது டோக்கியோவில் இல்லை.

ரைட்டின் கட்டடம் 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்றுதான் பெரும் காண்டோ நிலநடுக்கம்; அதிலிருந்து தப்பிய கட்டடம், 1968-இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் இன்றுள்ள பிரதானக் கட்டடம் 1970-இல் திறக்கப்பட்ட 17 மாடிக் கட்டடம். பெயரும் இடமும் மாறவில்லை என்பதால் குழப்பம் நேர்வது இயல்புதான்.

சரிபார்ப்பது எளிது. ஹோட்டலின் இணையதளத்தில் உள்ள வரலாற்றுப் பக்கத்தைப் பாருங்கள். அல்லது பழைய புகைப்படம் ஒன்றை இன்றைய படத்தோடு ஒப்பிடுங்கள்: பழையது முன்னால் குளத்துடன் தாழ்வாகப் பரந்து கிடக்கும், புதியது நெட்டுக்குத்தாக நிற்கும்.

ரைட்டின் முகப்பும் வரவேற்புக் கூடமும் நகோயாவுக்கு அருகே இனுயாமாவில் உள்ள மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டுள்ளன. நுணுக்கமான வடிவங்கள் செதுக்கிய ஓயா கல்லை (மென்மையான ஒரு வகை எரிமலைக் கல்) அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். டோக்கியோ ஹோட்டலுக்குள் 'ஓல்ட் இம்பீரியல் பார்' சுவரில் பழைய ஓயா கல்லும் சுடுமண் ஓடுகளும் கொஞ்சம் எஞ்சியுள்ளன. அதற்கு அறை எடுக்க வேண்டியதில்லை, ஒரு பானம் வாங்கினால் போதும். சேவைக்காகவோ இம்பீரியல் அரண்மனை அருகில் இருப்பதற்காகவோ அங்கே தங்குவது வேறு விஷயம். ரைட்டுக்காக மட்டும் என்றால் இனுயாமாவுக்கு டிக்கெட் எடுங்கள்.