விசுவாசக் குறைவு யாருடையது?

சுகத்துக்காக ஜெபித்தும் இறந்துபோன ஒரு பிள்ளையின் அடக்க ஆராதனைக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெட்டியை மூடும் முன்பே, பெற்றவளை எதிரில் வைத்துக்கொண்டு, "வீட்டில் விசுவாசம் குறைவு, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை" என்று ஆராதனை நடத்தினவர்கள் மைக்கில் சொன்னார்கள். இரண்டு நாளாக அந்த ஒரு வரி நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

யாக்கோபு 5:14, 15-ஐ எடுத்து நிதானமாகப் படியுங்கள். வியாதிப்பட்டவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சபையின் மூப்பர்களை வரவழைப்பது. எண்ணெய் பூசுவது மூப்பர். ஜெபம்பண்ணுவதும் மூப்பர். அடுத்த வசனத்திலுள்ள "விசுவாசமுள்ள ஜெபம்" அவர்களுடைய ஜெபம்தான். படுத்துக்கிடக்கிறவனின் விசுவாசத்தை அங்கே யாரும் அளக்கவில்லை, அவனைப் பெற்றவளுடையதையும் அளக்கவில்லை.

மத்தேயு 17-ம் இதையேதான் சொல்கிறது. பையனைக் குணமாக்க முடியாத சீஷர்கள் தனியாக வந்து காரணம் கேட்கிறார்கள். "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்ற பதில் ஜெபித்தவர்களுக்குக் கிடைத்தது. தகப்பனுக்கு அல்ல. மாற்கு 9-ல் அவனிடம் "நீ விசுவாசிக்கக்கூடுமானால்" என்று இயேசு கேட்டது உண்மை. அவன் என்ன சொன்னான்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். பிள்ளை பிழைத்தான்.

"நாசரேத்தில் அவிசுவாசத்தினாலே அற்புதம் நடக்கவில்லையே?" என்று மாற்கு 6-ஐக் காட்டுவீர்கள். நாசரேத்தார் இயேசுவின் சொந்த ஊரார், அவரைக் குறித்து இடறலடைந்து ஒதுக்கினவர்கள். இந்த அம்மா உபவாசம் இருந்தார், முழு இரவு ஜெபத்தில் முழங்காலில் நின்றார். இவரையும் அவர்களையும் எப்படி ஒரே வரிசையில் நிறுத்த மனசு வருகிறது?

"ஜனங்களுக்கு நம்பிக்கை கொடுக்க வேண்டாமா?" கொடுங்கள். ஆனால் பவுலையும் சேர்த்துப் பிரசங்கியுங்கள். தன் மாம்சத்திலுள்ள முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தன்னோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடேயே விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20-ல் எழுதுகிறார். அடிக்கடி நோய்ப்பட்ட தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். உனக்கு விசுவாசம் போதாது என்று யாருக்கும் எழுதவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இதே போதனைதான் "ஊசியை நிறுத்து, விசுவாசத்தைக் காட்டு" என்பதில் போய் முடிகிறது. முதல் வகை சர்க்கரை நோயில் உடம்புக்குள் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றேபோயிருக்கும். ஊசியை நிறுத்தினால் சில நாளுக்குள், சிலருக்கு ஒரே நாளில், இரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, மூச்சிரைப்பு, பிறகு நினைவு தப்பும். அதற்கும் விசுவாசக் குறைவு என்றே பெயர் வைப்பீர்களா?

சாட்சி வேளையில் சுகம் பெற்றவருக்கு மட்டும் மைக் தருகிறோம். சுகம் பெறாதவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தன்னிடம் என்ன பாவம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, யோவான் 9:3-ல் இயேசு அந்தத் தேடலையே நிறுத்தினார். இவன் பாவமும் அல்ல, பெற்றவர்கள் பாவமும் அல்ல என்றார்.

துக்க வீட்டில் என்ன படிப்பது என்று கேட்கும் போதகர்களுக்கு: சங்கீதம் 88. பதினெட்டே வசனம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பும், 13-ம் சங்கீதத்தின் ஆறு வசனத்துக்குள்ளேயே அந்தத் திருப்பம் வந்துவிடும். 88 திரும்பாது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். படித்துவிட்டு விளக்கம் சொல்லாமல் உட்காருங்கள். பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது. நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் கோபித்தது அவர்களைத்தான், கேள்வி கேட்ட யோபுவை அல்ல.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோம் என்று மற்ற சீஷர்கள் சொன்னபோது, தோமா நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். எட்டு நாள் கழித்தும் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை.

அந்த அம்மா இந்த ஞாயிறு ஆலயத்துக்கு வந்தால் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கொடுங்கள். பாடாவிட்டால் விட்டுவிடுங்கள்.