எந்தத் திசைகளை எண்ணுகிறோம்?
நானோபொருள்களைப் பற்றிய கட்டுரை, கார்பன் நானோகுழாயை (கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய குழாய்) ஒரு பரிமாணப் பொருள் என்றும் கிராஃபீனை (ஓர் அணுத் தடிமனே உள்ள கார்பன் தாள்) இரு பரிமாணப் பொருள் என்றும் வகைப்படுத்தியிருப்பது சரியே. ஆனால் எந்தப் பரிமாணங்களை எண்ணுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டதால், கன அளவுள்ள குவாண்டம் புள்ளி (மிக நுண்ணிய குறைக்கடத்தித் துகள்) எப்படிப் பூஜ்ஜியப் பரிமாணமாகும் என்ற குழப்பம் புதிய வாசகருக்கு எழவே செய்யும். 100 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) மேல் நீளும் திசைகளை மட்டுமே இங்கு எண்ணுகிறோம். குவாண்டம் புள்ளியில் அப்படி ஒரு திசைகூட இல்லை. எலக்ட்ரான் எல்லாத் திசைகளிலும் அடைபட்டுவிடுவதால் புள்ளியின் அளவைப் பொறுத்து அது உமிழும் நிறம் மாறுகிறது; காட்மியம் செலினைடு என்ற ஒரே குறைக்கடத்தி சுமார் 2 நானோமீட்டர் அளவில் நீலமாகவும் 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும் ஒளிர்கிறது. பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றது இப்புள்ளிகளுக்காகத்தான்.

சட்ட நோக்கிலான வகைப்பாட்டையும் (கட்டுரை அதைத் தொடவேயில்லை) சேர்த்திருக்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒரு பொருளிலுள்ள துகள்களின் எண்ணிக்கையில் பாதியோ அதற்கு மேலோ ஏதேனும் ஒரு திசையிலாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அப்பொருளை நானோபொருளாகக் கொண்டது. எடையை அளவுகோலாக்காமல் விட்டது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 1000 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரேயொரு துகள், அதே பொருளாலான 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்தின் எடைக்குச் சமம் என்பதால், எடைக்கணக்கில் நுண்துகள்கள் இருப்பதே தெரியாமல் போய்விடும்.