தன் வயலைப் பார்ப்பதா சுயநலம்?
தன்னைப் பற்றி யோசிப்பவன் எல்லாம் சுயநலக்காரன் என்று சுயநலம் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்ததும் எங்கள் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கி, அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையையும் பிளாஸ்டிக் பைகளையும் வாரி வெளியே போடுவார். தன் வயல் நனைய வேண்டும் என்றுதான். ஆனால் வயல் நிறைந்ததும், ராத்திரியானாலும் டார்ச் அடித்துப் போய் மடையை அடைத்துவிடுவார். கால்வாயின் மேல்பகுதியில் சிலர் வயல் நிறைந்த பிறகும் மடையைத் திறந்தே விடுவதால், கால்வாய் முடியும் கடைவரம்பில் நாற்று கருகுகிறது. சுயநலம் என்றால் அதைச் சொல்லுங்கள். மேலே கருத்திட்ட நண்பர் சொல்வதுபோல் கணக்குப் பார்க்காமல் கொடுப்பதுதான் பொதுநலம் என்றால், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் விவசாயிகளை எதில் சேர்ப்பீர்கள்?