ஒரு நாளைக்கு இருபது கான்ஜி என்ற கணக்கைத் தூக்கிப் போடுங்கள்

சேலத்தில் இப்போது ஜப்பானிய மொழியைச் சொந்தமாகப் படிக்கிற தம்பி தங்கைகள் நிறைய. நர்சிங் முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், அனிமே பார்த்து ஆசைப்பட்டவர்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சில வருடங்களாக காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஜப்பானியம் படித்து வருகிறேன். அது தெரிந்து பலர் என்னிடம் வருகிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த கான்ஜி எழுத்துகளைப் பற்றி: "அக்கா, ஆரம்பத்துல இருந்த ஆர்வம் இப்ப இல்ல. கான்ஜின்னாலே புக்கை மூடி வெச்சிடறேன். என்ன பண்றது?"

ஆர்வம் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. ஹிரகானா, கதகானா என்ற ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் ஆசையாகப் படித்து முடித்தவர்கள்தான் இவர்கள். தினமும் எத்தனை கான்ஜி படிக்கிறீர்கள் என்று கேட்டால் இருபது, முப்பது என்று பதில் வருகிறது. யாரோ ஒருவர் வீடியோவில் "மூன்றே மாதத்தில் எல்லா கான்ஜியும்" என்று சொல்லியிருப்பார். அந்த எண்ணிக்கைதான் ஆளை முறிக்கிறது.

ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள் இருக்கின்றன. 2010-இல் திருத்திய பட்டியல் அது. நாளுக்கு 20 என்றால் 107 நாளில் முடிந்துவிட வேண்டும், காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஜப்பானியப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க அவர்கள் படிப்பது 80 எழுத்து. இரண்டாம் வகுப்பில் 160. ஆறாம் வகுப்பு முடியும்போது மொத்தம் 1026. மிச்சமெல்லாம் அதற்கு மேற்பட்ட வகுப்புகளில்தான். அத்தனைக்கும் வீட்டிலும் தெருவிலும் அந்த மொழியையே பேசி வளரும் பிள்ளைகள். சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, எழுத்து மட்டும்தான் புதிது. நமக்கோ சொல்லும் புதிது, ஒலியும் புதிது, எழுத்தும் புதிது. அவர்கள் ஒரு வருடம் எடுத்துக்கொள்வதை நான்கு நாளில் முடிக்கவில்லையே என்று ஒருவர் வருத்தப்படுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. அவர் மேல் இல்லை, அவருக்கு அந்த இலக்கைக் கொடுத்தவர்கள் மேல்.

இதில் அங்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலியையும் சொல்ல வேண்டும். அருமையான செயலி, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். படித்தது சீக்கிரம் மறந்துபோகும், இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் தங்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே எழுதி வைத்த விஷயம். அந்த இடைவெளியை நமக்காகக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் அங்கியின் வேலை. ஆனால் அதை நிறுவியதும் ஒரு நாளைக்குப் புது அட்டை 20 என்றுதான் இருக்கும். அது நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு அமைப்பு, அவ்வளவுதான். பலர் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். புது அட்டை இருபது என்றால் சில வாரங்களில் திரும்பப் பார்க்க வேண்டியவை தினமும் அதைப்போல் பல மடங்காகிவிடும். வீட்டில் ஒரு விசேஷம், கடையில் தீபாவளி நேரத்து வேலை என்று நான்கு நாள் விட்டால் போதும், பாக்கி கந்துவட்டி மாதிரி ஏறி நிற்கும். அப்புறம் செயலியைத் திறக்கவே மனம் வராது. அதற்குப் பெயர் சோம்பல் இல்லை.

பாக்கி ஏறிவிட்டதா? புது அட்டை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள். பழையது கரையும் வரை அப்படியே விடுங்கள். கரைந்த பிறகு மூன்றோ நான்கோ வையுங்கள். நாளுக்கு மூன்று என்றாலும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வருகிறது, அது ஜப்பானில் ஆறு வருடப் படிப்பு. இதைக் குறைவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, மிச்ச நேரத்தில் என்ன செய்வது? வாசிக்க வேண்டும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய வாக்கியம் மிகச் சீக்கிரம் பிடிபடும். இந்தச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தொடாமல் நாம் எழுத்துகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாடப் புத்தகமும் வீடியோவும் ஆங்கிலத்தில் இருப்பதால் ஜப்பானிய வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்துக்குத் தலைகீழாகப் புரட்டி, பிறகு புரிந்துகொள்ளப் பழகுகிறோம். தேவையே இல்லை. "கினோ கத்தா ஹோன்" என்றால் நேற்று வாங்கிய புத்தகம். வரிசை அப்படியே இருக்கிறது. "தபேதே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. "தபேதே ஷிமத்தா" என்றால் சாப்பிட்டுவிட்டேன். ஆங்கில வழி விளக்கத்தில் பக்கம் பக்கமாகப் போகும் இந்தத் துணைவினைகள் நம் வீட்டுச் சமையலறையில் தினமும் புழங்குகிறவை. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், எழுவாயைச் சொல்லாமலே விடலாம், எல்லாம் நமக்குப் பழகியதுதான். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியம் ஒத்துப்போவது கண்ணெதிரே தெரிகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாசிக்க ஆரம்பித்தால் கான்ஜியின் சுபாவமே மாறிவிடும். உயிர், பிறப்பு, வேகவைக்காத பச்சை என்றெல்லாம் பொருள் தரும் ஓர் எழுத்து உண்டு. "சென்செய்" என்ற சொல்லில் அதை "செய்" என்று படிக்க வேண்டும். பிறந்தநாளுக்கான "தஞ்ஜோபி"யில் "ஜோ". தனியாக நின்றால் "நமா". இன்னும் இருக்கிறது. இத்தனையையும் ஓர் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது யாருக்கும் நிற்காது. சொல்லோடு படித்தால் மனப்பாடமே தேவையில்லை. சென்செய் என்ற சொல் தெரியும், அந்த இடத்தில் அந்த எழுத்து வருகிறது, முடிந்தது.

எழுத்துக்குள் இருக்கும் உறுப்புகளும் வாசிக்க வாசிக்கத்தான் கண்ணில் படும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பௌத்தக் கோயிலைக் குறிக்கும் எழுத்துக்கு "ஜி" என்று ஓர் ஒலி. அதன் இடப்பக்கம் சூரியனை வைத்தால் நேரம், அதற்கும் "ஜி". கையை வைத்தால் பிடித்திருப்பது, அதற்கும் "ஜி". பேச்சை வைத்தால் கவிதை, ஒலி கொஞ்சம் நகர்ந்து "ஷி". இடப்பக்கம் பொருளைத் தருகிறது, வலப்பக்கம் ஒலியைத் தருகிறது. மாட்டை வைத்தால் மட்டும் சிறப்பு என்ற பொருளில் "தொகு" என்று ஒலி விலகிப் போய்விடும். விலகுவதும் உண்டு, ஆனால் கான்ஜியில் பெரும்பாலானவை இப்படிப் பொருள் பாதி ஒலி பாதியாகக் கட்டியவைதான். இது தெரிந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்குப் பட்டறையில் நாள் முழுக்க ரசீதுகளின் ஓரத்தில் இந்த ஐந்து எழுத்தையும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

வாசிக்க எங்கே போவது என்பார்கள். ததோகு என்ற ஜப்பானிய அமைப்பு தன் இணையதளத்தில் குட்டிக் குட்டிக் கதைகளை நிலைவாரியாக இலவசமாக வைத்திருக்கிறது. கான்ஜிக்குப் பக்கத்தில் உச்சரிப்பும் பொடி எழுத்தில் இருக்கும். அகராதி பார்க்க வேண்டாம், புரியாததைத் தாண்டிப் போங்கள், பிடிக்கவில்லை என்றால் வேறு கதையை எடுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆரம்ப நிலைக் கதைகள் நாலு வரிதான். படமும் இருக்கும்.

வேலைக்காகப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2019-இல் ஜப்பான் திறந்த விசா வழியில் போகிறவர்கள் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையையோ அதற்கு ஈடான அடிப்படைத் தேர்வையோ எழுத வேண்டும், பராமரிப்புத் துறைக்கான மொழித் தேர்வும் உண்டு. உங்களுக்குக் காலக்கெடு இருக்கிறது, எனக்கு இல்லை, அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை எந்த நிலையிலும் ஜே.எல்.பி.டி. தேர்வில் கையால் கான்ஜி எழுதச் சொல்வதில்லை. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். கேட்பதற்கும் வாசிப்பதற்கும் நிறைய மதிப்பெண் இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் ஐம்பது முறை எழுதி நோட்டை நிரப்பும் நேரத்தில் பாதியையாவது கேட்பதற்குக் கொடுங்கள். ஒன்றுபோல் இருந்து குழப்பும் எழுத்துகளை மட்டும் எழுதிப் பாருங்கள், எங்கே வேறுபடுகிறது என்பது கைக்குத் தெரியட்டும்.

இன்னொன்று, தனியாகப் படிக்காதீர்கள். "ஜப்பான் போகவா போற, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்கிற உறவினர்களுக்கு நடுவில் தனியாக இருந்து படிப்பது கஷ்டம். ஒரு மொழியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைக்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனாலும் கூட ஒருவர் இருந்தால் பலம். ஏற்காட்டிலிருந்து ஒரு நர்ஸ் தங்கை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிறாள். நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கதையைச் சத்தமாக வாசிக்கிறோம். அந்த வாரம் எத்தனை எழுத்து படித்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. என்ன வாசித்தாய் என்று மட்டும்தான் கேட்போம். முடிந்ததும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவோம்.

சேலத்திலோ பக்கத்திலோ இருந்து படிக்கிறவர்கள், பாதியில் விட்டவர்களும் கூட, வருவதானால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஹிரகானா தட்டுத் தடுமாறி வாசிக்கத் தெரிந்தால் போதும். கதையை நாங்கள் கொண்டு வருகிறோம்.