சோற்றை விடச் சொல்லாத கணக்கு

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் இப்போது ஒரு புது வகை ஆள் உட்காருகிறார். பரிமாறி முடிந்ததும் இலையைப் படம் எடுக்கிறார், கைபேசியில் ஏதோ தட்டுகிறார், அப்புறம்தான் சோற்றில் கை வைக்கிறார். பக்கத்து இலையிலிருந்து ஒரு மாமா, “ஏலே, சோத்துக்குமா கணக்கு?” என்று ஆரம்பிப்பார். பந்தியே சிரிக்கும்.

எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை. எடை குறைக்க ஆயிரம் வழி சொல்கிறார்கள். தானியத்தை ஒதுக்கச் சொல்கிற பேலியோ, கீட்டோ, காலையில் பட்டினி, ராத்திரியில் பட்டினி, வெறும் சூப்பு. இத்தனையும் இருக்க, கலோரியை எண்ணிப் பார்த்துச் சாப்பிடுகிற இந்தச் சள்ளை பிடித்த வேலையை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? நான் பார்த்தவரை காரணம் ஒன்றுதான். மற்ற வழிகள் எல்லாம் எதையாவது விடச் சொல்கின்றன. கலோரிக் கணக்கு எதையும் விடச் சொல்வதில்லை, அளவை மட்டும் கேட்கிறது.

ஒன்றை விட்டு இருப்பது நமக்குத் தெரியாத விஷயமா? கார்த்திகையில் மாலை போட்டவர் மீன் பக்கம் திரும்ப மாட்டார். மேலப்பாளையத்தில் நோன்பு மாதம் முழுக்கப் பகலில் பச்சைத் தண்ணீர் கிடையாது. பாளையங்கோட்டையில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் கறி எடுக்காத வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் இதற்கெல்லாம் முடிகிற தேதி உண்டு. வீடே சேர்ந்து இருக்கும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கீட்டோவுக்குப் பெருநாள் எது, ஈஸ்டர் எது? காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைகிற ஆற்றங்கரையில் ஒருவர் எழுந்து “நான் இனிமேல் சோறு சாப்பிட மாட்டேன்” என்றால் முதலில் “உடம்புக்கு என்ன?” என்பார்கள். அடுத்து வருத்தம், அதற்கு அடுத்து கோபம். நாலு மாதத்தில் ஆள் சோற்றுக்குத் திரும்பிவிடுவார், எடையும் கூடவே திரும்பிவிடும்.

கணக்குக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. மறுவீட்டுச் சொதி என்றால் சொதிதான். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் உண்டு. மதியம் தேங்காயின் முதல் பாலை ஊற்றி இறக்கிய சொதியை ஒரு பிடி பிடித்தால், ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வார். அல்வாவும் அப்படித்தான். நெய் கிராமுக்கு 9 கலோரி, சீனி 4, கோதுமைப் பாலில் இருக்கிற மாவுச்சத்தும் 4. ஐம்பது கிராம் அல்வாவில் கால் பங்கு நெய் என்று வைத்துக்கொண்டால் நெய்யே 110-ஐத் தாண்டும். மற்றதும் சேர்ந்தால் 200-ஐ ஒட்டி வரும். சரி, சாப்பிடலாம், ஆனால் சாயங்காலம் வடை கிடையாது. வெளியூரிலிருந்து வந்த அத்தான் ஆசையாக நீட்டுகிற பொட்டலத்தை “எனக்கு வேண்டாம்” என்று தள்ளி அவர் முகத்தை வாட வைக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இது சின்ன லாபம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. எண்ணுக்குக் குரல் கிடையாது. “குறைச்சுச் சாப்பிடு” என்று டாக்டர் சொல்வார், மாமியார் சொல்வார், தையல்காரர்கூடச் சொல்வார். குறை என்றால் எவ்வளவு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் மெலிந்துவிட்டால் அதே ஆட்கள் “எளச்சிட்டியே, சொகமில்லையா?” என்பார்கள். இந்தியர்களுக்கு, எடையை உயரத்தோடு ஒப்பிடுகிற உடல் நிறை குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்கிறார்கள், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. ஆச்சியின் கண்ணுக்கு அந்த எல்லைக்குள் இருக்கிறவர் எலும்பும் தோலும்தான். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே, குத்தலும் கரிசனமும் இல்லாமல் “இன்றைக்கு 300 கூடிப் போச்சு” என்று மட்டும் சொல்கிற ஒன்று நிம்மதியாகத்தான் இருக்கும்.

இந்த 4-ம் 9-ம் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியல் பேராசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மனிதர்களை நாள்கணக்கில் ஒரு மூடிய அறைக்குள் தங்க வைத்து, சாப்பிட்டதையும் உடம்பு வெளியிட்ட சூட்டையும் அளந்தார். அதை எடை குறைக்கிற கணக்காக வீடுகளுக்குள் கொண்டுபோனவர் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், 1918-ல். அதே 1918-ல் நம்ம குன்னூரில் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆரம்பித்தது பெரிபெரி ஆய்வு. தீட்டிய அரிசியையே சாப்பிடுகிறவர்களுக்கு வயிறு நிறைந்தாலும் தயமின் என்ற வைட்டமின் கிடைக்காமல் வருகிற நோய் அது. குன்னூரில் தொடங்கியதுதான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எண்ணுகிறவர்கள் குன்னூரையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பிஸ்கட்டும் டீயுமாக 1,200-க்குள் முடித்துவிட்டு, கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். கணக்கு சரிதான். முடி கொட்டுகிறது.

கணக்கு தப்புகிற இடம் வேறு. 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நாங்கள் 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். உடம்பு எரிக்கிற வேகத்தில் குறையே இல்லை. தாங்கள் சாப்பிட்டதைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும். வ.உ.சி. மைதானத்தைக் காலையில் சுற்றுகிறவர்களைப் பாருங்கள். எழுபது கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி. வெளியே வந்து இரண்டு உளுந்த வடையும் சீனி போட்ட டீயும் உள்ளே போனால் நடந்தது அதற்கே சரியாகப் போகும். நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நடை நல்லது. எடைக்கு மட்டும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

நம்ம வீடுகளில் எண்ணுகிறவர் ஒருவர், சமைக்கிறவர் வேறொருவர். தம்பி வரவேற்பறையில் உட்கார்ந்து, “மதினி, அவியலுக்கு எத்தனை ஸ்பூன் எண்ணெய் ஊத்துனீங்க?” என்கிறான். மதினிக்கு ஸ்பூன் ஏது? தூக்குவாளியைச் சாய்ப்பார், போதும் என்று கை சொல்லும்போது நிமிர்த்துவார். தேங்காயும் அப்படித்தான், ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி அரை மூடி, முக்கால் மூடி. தம்பியின் தட்டுக்காக அவர் இனிமேல் தராசு வைத்துச் சமைக்க வேண்டும். அதையும் செய்கிறார், பாவம். அவர் எப்போது எண்ணுவது? உப்பு பார்க்க ஒரு கரண்டி, பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை, வீணாகப் போகக் கூடாதே என்று சட்டியோடு வழித்த கூட்டாஞ்சோறு. இதெல்லாம் எந்தச் செயலியில் எந்த வேளைக் கணக்கில் வரும்? நம்ம ஊரில் எடை கூடிய பெண்கள் கணக்கைக் கைவிட்டுவிடுவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு தட்டே இல்லை. எண்ணுகிற ஆண்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தாங்களே சமைக்கட்டும். எந்தச் செயலியையும்விட அதில் கலோரி நன்றாகப் புரியும்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது, திடீரென்று சர்க்கரை இறங்கிவிடும். எண்ணைப் பார்த்தாலே பயம் வருகிற பிள்ளைகளிடம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, ஒவ்வொரு கவளத்தையும் எண்ண முடியாவிட்டால், மளிகைச் சீட்டில் ஆரம்பிக்கலாம் என்பேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 23 கிராம், அதாவது 200 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. 3-ஐ 2 ஆக்கினால் யாரும் எதையும் விடாமலே ஆளுக்கு 70 குறையும். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், எதுவானாலும் கிராமுக்கு 9 என்பது மாறாது. மரச்செக்கில் ஆட்டியதற்கும் அதே 9-தான். எங்கள் வீட்டில் இந்தக் கடைசி வரியை மட்டும் இன்னும் ஒருவரும் நம்பவில்லை.